முதல் முட்டைக்கு முந்திய வாரங்கள்: புறக்கடைப் பெட்டைக்கோழிகளில் தோல்முட்டை, முட்டை அடைப்பு, முட்டைக்குழல் வெளித்தள்ளல் – ஒரு நிகழ்வு ஆய்வு

புறக்கடையில் வளரும் இளம் பெட்டைக்கோழிகள் முட்டைக்கு வரும் பருவத்தில் தோல்முட்டை (ஓடு படியாமல் சவ்வு மட்டுமே சூழ்ந்த முட்டை) இடுவதும், முட்டை உள்ளேயே அடைத்துக்கொள்வதும், முட்டையோடு சேர்ந்து உள்ளுறுப்பு வெளித்தள்ளுவதும் பெரும்பாலும் தனித்தனிப் புகார்களாகவே கால்நடை மருந்தகத்துக்கு வந்து சேர்கின்றன. இம்மூன்றும் ஒரே வீட்டில், ஒரே வயதுக் கோழிகளில், சில வார இடைவெளிக்குள் அடுத்தடுத்துத் தோன்றிய நிகழ்வொன்று இங்கே பதிவு செய்யப்படுகிறது. தொற்றுநோய் என்று வீட்டார் உறுதியாக நம்பிய இந்த நிகழ்வில் கிருமிக்கு இடமே இருக்கவில்லை. உடல் ஆயத்தமாகும் முன்பே கோழிகளை முட்டையிடத் தூண்டிய இரண்டு ஏற்பாடுகளே காரணம். இரண்டுமே கோழிகளின் மீதுள்ள அக்கறையால் செய்யப்பட்டவை.

கோழிகளும் கொட்டகையும்

தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் வட்டத்தில், குடமுருட்டி ஆற்றை ஒட்டிய ஒரு சிற்றூர். வீட்டுக் கொல்லையில் மூங்கில் தட்டியும் கீற்றும் கொண்டு கட்டிய கொட்டகையில் இரண்டு சேவல்களும் 14 பெட்டைகளும் இருந்தன. ஆவணி நடுவில் பொரித்து, நான்கு வாரக் குஞ்சுகளாக இருக்கும்போது, கிராமப்பிரியா என்று சொல்லி விற்கப்பட்டவை அவை. ஐதராபாத்தில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்ககம் புறக்கடை வளர்ப்புக்கென உருவாக்கிய இந்த இனம் பழுப்பு நிற முட்டையிடுவது. நாட்டுக்கோழியைவிட முட்டை எண்ணிக்கையும் கூடுதல். வழக்கமாக ஐந்தரை மாத வயதை ஒட்டி முதல் முட்டை வரும். இந்த வீட்டிலோ நான்கரை மாதம் நிறைவதற்குள், பொங்கலுக்கு முன்பே முதல் முட்டை வந்துவிட்டது. அதை வீட்டார் நல்ல வளர்ப்பின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டனர். அப்படி எண்ணியதில் வியப்பில்லை. சீக்கிரம் முட்டைக்கு வரும் கோழியைக் குறை சொல்லும் வீடு எங்கும் இல்லை.

வளர்ப்பு முறையில் மூன்று விவரங்கள் முக்கியமானவை. குஞ்சுப் பருவத்தில் வாங்கிப் போட்ட கறிக்கோழித் தீவனத்தில் அவை நன்றாகத் தேறியதால், அதே தீவனம் கடைசிவரை தொடர்ந்தது. காலையில் குருணையும் தவிடும் பிசைந்து வைப்பது தனி. அடுத்து, சம்பா நடவு முடிந்ததிலிருந்து அறுவடை வரை, பக்கத்து வயலில் இறங்கிவிடக் கூடாது என்பதற்காகக் கோழிகள் முழுநேரமும் கொட்டகையிலும் அதை ஒட்டிய சிறு வேலிக்குள்ளும் அடைபட்டே இருந்தன. மூன்றாவது, கார்த்திகையில் நடந்தது. மரநாய் ஒன்று தட்டியைப் பிரித்து உள்ளே நுழைந்து (மேற்சொன்ன 14இல் சேராத) ஒரு பெட்டையைத் தூக்கிக்கொண்டு போக, மறுநாளே கொட்டகையின் நடுவில் 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றைக் கட்டி, இரவு முழுவதும் எரியவிட்டார்கள். அப்போது கோழிகளுக்கு ஏறத்தாழ மூன்று மாத வயது. அன்று முதல் அவை இருட்டையே பார்க்கவில்லை.

புகார்

மாசி முதல் வாரத்தில் வீட்டுப் பெண்மணி இரண்டு கோழிகளைக் கூடையிலும், இறந்த ஒன்றைச் சாக்குப் பையிலும் எடுத்துவந்தார். பொங்கல் கழிந்த வாரத்திலிருந்தே தோல்முட்டைகள் தட்டுப்பட்டதாகவும், கடந்த சில நாட்களில் நிலைமை மோசமானதாகவும் கூறினார். முட்டையிடும் பெட்டைகள் ஒன்பது. அன்றாடம் கிடைப்பவற்றில் பாதிக்கு மேல் ஓடு மெலிந்தவை, அல்லது ஓடே இல்லாதவை. "வாத்துக்காரங்க கிடை போட்டதுலேர்ந்துதான் டாக்டர் இப்படி. தீனியெல்லாம் நல்லாத்தான் எடுக்குது, முட்டை மட்டும் தோலாவே வருது" என்றார். உடன் வந்திருந்த மாமியார் வேறொன்றையும் சொன்னார்: "மொதல்ல ரெட்டைக் கருவா வந்துச்சுங்க. அதிர்ஷ்டம்னுல்ல நெனச்சோம்."

இந்த இரண்டாவது செய்தியே நோயறிதலுக்கு அதிகம் உதவியது; ஆனால் வீட்டார் அதைப் புகாராகச் சொல்லவில்லை.

தீவனக் கடையில் கேட்டு, டெட்ராசைக்ளின் வகை நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துத் தூளை ஒரு வாரம் தண்ணீரில் கலந்து கொடுத்திருக்கிறார்கள். அதனுடன், ஓடு கெட்டிப்படும் என்று பக்கத்து வீட்டார் சொன்னதால், வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீரையும் அதே பானையில் ஊற்றிவந்திருக்கிறார்கள்.

பரிசோதனை

முதல் கோழி உடலைச் செங்குத்தாக நிமிர்த்தி, வாலைத் தாழ்த்தி, கண்களைப் பாதி மூடி நின்றது. சிறிது நேரத்துக்கு ஒருமுறை வால் ஏறி இறங்க முக்கியது, எச்சம் போடவில்லை. எடை 1 கிலோ 900 கிராம். அந்த வயதுக்கும் இனத்துக்கும் அதிகம். அடிவயிற்றில் விரலை வைத்தால் தோலுக்குக் கீழே தடித்த கொழுப்பு தட்டுப்பட்டது. எண்ணெய் தடவிய சுட்டுவிரலை எச்சவாய்க்குள் மெல்லச் செலுத்தியபோது, முட்டையின் முனை நுனிவிரலுக்கு எட்டியது. முட்டையின் மேற்பரப்பு வழவழப்பாக இல்லாமல், மணல் ஒட்டியதைப் போல் சொரசொரத்தது. லேசாக அழுத்தினாலே குழிந்து கொடுத்தது. இடது கால் வலுவிழந்திருந்தது. அடைபட்ட முட்டை இடுப்பெலும்பை ஒட்டிச் செல்லும் நரம்புகளை அழுத்துவதால் இப்படி நேர்வதுண்டு. இதை மாரெக் என்னும் வைரஸ் நோயின் வாதமாகவோ சுளுக்காகவோ எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு இருப்பதால், முட்டையிடும் வயதுப் பெட்டை காலை இழுத்தால் முதலில் எச்சவாயைச் சோதிப்பது நல்லது.

இரண்டாவது கோழியின் எச்சவாய்க்கு வெளியே எலுமிச்சை அளவில் சிவந்த சவ்வு பிதுங்கி நின்றது. அதன் ஒரு பக்கம் மற்ற கோழிகள் கொத்தியதால் கிழிந்து, உறைந்த குருதியும் உமியும் ஒட்டியிருந்தன. ஆனால் கோழி சுறுசுறுப்பாகவே இருந்தது. கூடைக்குள் கிடந்த குருணையைப் பொறுக்கிக்கொண்டிருந்தது.

இறந்த கோழியை உடற்கூறு செய்தபோது காரணங்கள் ஓரளவு வரிசையாகவே வெளிப்பட்டன. எச்சவாயைச் சுற்றிய திசு முழுவதும் கொத்தித் தின்னப்பட்டு, குடலின் ஒரு பகுதி வெளியே இழுக்கப்பட்டிருந்தது. உடனடி மரணக் காரணம் அதுவே. வயிற்றறையைத் திறந்தால் அரைவைப்பையைச் சுற்றி மஞ்சள் நிறக் கொழுப்பு அப்பியிருந்தது. கல்லீரல் வெளிறி, விரலால் அழுத்தியதும் உடைந்தது. ஓட்டுச்சுரப்பியில் ஓடு படியாத முட்டை ஒன்று சவ்வுப் பையாகக் கிடந்தது. சூற்பையில் சிறியது முதல் பெரியது வரை மஞ்சள் கருக்கள் ஒழுங்கான வரிசையில் இருந்தாலும், மிகப் பெரியவை இரண்டு ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. நெஞ்செலும்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் வளைந்தது. அந்த வயதில் அது விறைப்பாக நிற்க வேண்டும். விலா எலும்புகள் நடுவில் உள்வாங்கி மடிந்திருந்தன. எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்து உருவப்பட்டுக்கொண்டிருந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. மூச்சுக்குழல் சுத்தமாக இருந்தது. இரைப்பையின் சுரப்பிப் பகுதியில் குருதிக் கசிவுப் புள்ளிகள் இல்லை. கருக்கள் உடைந்து வயிற்றறையில் பரவவும் இல்லை.

வீட்டார் கொண்டுவந்திருந்த, ஓடுள்ள முட்டைகளில் ஒன்றை நிறுத்தேன்: 46 கிராம். உடைத்து, ஓட்டைக் கழுவி உலர்த்தி நிறுத்தபோது 3 கிராமுக்கும் குறைவு. நல்ல முட்டையில் மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு ஓடாக இருக்கும். அந்தக் கணக்கில் இதில் நான்கரை கிராம் இருந்திருக்க வேண்டும். தட்டில் ஊற்றிய வெண்கரு கெட்டியாக, மஞ்சள் கருவைச் சுற்றி உயர்ந்து நின்றது. நிறம் வெளிறாத பழுப்பு.

தொற்றுநோய்க்கு இடமுண்டா

வாத்துகளின் மீது வீட்டார் கொண்ட ஐயம் அடிப்படையற்றதன்று. 1976ஆம் ஆண்டு நெதர்லாந்தில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட முட்டை வீழ்ச்சி நோய் அடினோ வகை வைரசால் வருவது. அந்த வைரசுக்கு இயற்கைப் புகலிடம் வாத்தும் பெருவாத்தும். பாதிக்கப்பட்ட கோழி நோயாளியைப் போலவே தோன்றாது. தீனி எடுக்கும், நடமாடும், ஆனால் தோல்முட்டையும் ஓடில்லா முட்டையும் இடும். வாத்தின் எச்சம் கலந்த வாய்க்கால் நீர் வழியாகக் கோழிகளுக்குப் பரவக்கூடும். தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கு வந்து, அது முட்டைக்கு வரும்வரை உறங்கிக் கிடந்து, அப்போது தலைதூக்குவதும் உண்டு. ஆகவே சம்பா அறுவடைக்குப் பின் வாத்துக்கிடைகள் வயல்தோறும் இறங்கும் காவிரிப் படுகையில், இளம் கோழிகள் தோல்முட்டை இட்டால் இந்த நோயை நினைக்காமல் இருப்பது தவறு.

எனினும் இரண்டு செய்திகள் பொருந்தவில்லை. பழுப்பு முட்டையிடும் கோழிகளில் இந்நோயின் முதல் அடையாளம் ஓட்டின் நிறம் வெளிறுவதாகும். இங்கே ஓடு மெலிந்திருந்தும் நிறம் மாறவில்லை. அதைவிட முக்கியம் நாட்கணக்கு. வாத்துக்கிடை வந்தது தை கடைசியில் என்பதை விசாரித்து உறுதி செய்தோம்; முதல் தோல்முட்டை கிடைத்ததோ பொங்கல் கழிந்த வாரத்தில். வாத்துகள் வந்த பிறகு நிலைமை மோசமானது உண்மைதான், ஆனால் தொடக்கம் அதற்கு முந்தியது. இருந்தும், தாய்வழி வந்திருக்கக்கூடிய தொற்றை நாட்கணக்கு மட்டுமே விலக்காது என்பதால், ஆறு கோழிகளின் இறக்கை நரம்பிலிருந்து குருதி எடுத்து, அதிலிருந்து பிரித்த ஊனீரை (சீரம்) பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு அனுப்பினோம். முட்டை வீழ்ச்சி நோய்க்கான எதிர்ப்புப் பொருள் எதிலும் இல்லை என்று முடிவு வந்தது.

கோழிக்கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய்க்கு ஐப்பசியில் தடுப்பூசி போடப்பட்டிருந்தது. பச்சைக் கழிச்சலோ கழுத்துத் திருகலோ இல்லை. தொற்றுச் சுவாச நோயில் ஓட்டில் வரிவரியாகச் சுருக்கமும் வெண்கருவில் நீர்த்தன்மையும் காணப்படும். தட்டில் ஊற்றிய முட்டை அதற்கு மாறாகவே இருந்தது. இவற்றைப் பற்றி மேலும் சொல்ல ஏதுமில்லை.

விளக்கும் சுண்ணாம்பும்

பெட்டைக்கோழிக்கு இடப்பக்கச் சூற்பையும் முட்டைக்குழலும் மட்டுமே வேலை செய்கின்றன. மஞ்சள் கரு சூற்பையிலிருந்து விடுபட்டு முட்டையாக வெளிவர 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. அதில் வெண்கரு படிய ஏறக்குறைய மூன்று மணி, சவ்வு சூழ ஒன்றேகால் மணி. மீதியில் பெரும்பகுதி, சுமார் 20 மணி நேரம், ஓட்டுச்சுரப்பியில் கழிகிறது. ஓடு படிவதில் பெரும்பங்கு இரவில் நிகழ்கிறது. ஓர் ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் தேவை. அவ்வளவையும் அன்றைய தீனியிலிருந்தே எடுக்க முடியாது என்பதால், முதல் முட்டைக்கு ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு முன்பே, ஈஸ்ட்ரோஜன் சுரப்பின் தூண்டுதலால், கால் எலும்புகளின் குழிக்குள் பஞ்சுபோன்ற சேமிப்பு எலும்பு ஒன்று உருவாகிறது. இரவில் குடல் காலியானதும் கோழி இந்தச் சேமிப்பிலிருந்து எடுத்து, பகலில் தின்பதைக் கொண்டு அதை மீண்டும் நிரப்பும். இளம் பெட்டையின் முட்டைச் சிக்கல்களில் பெரும்பகுதி இந்தச் சேமிப்பு உருவாகும் இரண்டு மூன்று வாரங்களில்தான் விளைகிறது. முட்டையின் மூலம் அது கண்ணுக்குத் தெரியவருவது பிறகு.

அந்த வாரங்கள் எப்போது வரும் என்பதை முடிவு செய்வது வெளிச்சம். கோழி வெளிச்சத்தைக் கண்ணால் மட்டும் அறிவதில்லை. மண்டையோட்டைக் கடந்து மூளையின் அடிப்பகுதியை எட்டும் ஒளியே இனப்பெருக்கச் சுரப்புகளைத் தூண்டுகிறது. பாபநாசம் பகுதியில் மார்கழி, தை மாதங்களில் பகல் பொழுது பதினொன்றரை மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். இயற்கையாக விட்டிருந்தால் இந்தக் கோழிகள் தை, மாசியில் மெல்ல நீளும் பகலோடு சேர்ந்து முட்டைக்கு வந்திருக்கும். மூன்று மாத வயதில் பதினொன்றரை மணி நேர வெளிச்சம் ஒரே நாளில் 24 மணி நேரமாக மாறியது, எலும்பும் இடுப்பும் முதிரும் முன்பே சூற்பையை எழுப்பிவிட்டது. மரநாய்க்காகக் கட்டிய விளக்கு கோழிக்கு வேறு சேதியைச் சொல்லியிருக்கிறது.

இருளே இல்லாததன் விளைவு அதோடு நிற்கவில்லை. கரு விடுபடும் நேரத்தை ஒழுங்குபடுத்துவது இரவு பகல் மாற்றம். அது இல்லாதபோது ஒழுங்கு குலைகிறது. வழக்கமாகக் காலையிலிருந்து பிற்பகலுக்குள் இடும் கோழிகள் இங்கே நள்ளிரவில்கூட இட்டிருக்கின்றன. தோல்முட்டைகள் பெரும்பாலும் விடியற்காலையில் அடைகம்பிற்குக் கீழே விழுந்து கிடந்ததாக வீட்டார் சொன்னது இதனோடு பொருந்துகிறது. இளம் சூற்பையின் வேகத்தால் இரண்டு கருக்கள் ஒருசேர விடுபட்டால் இரட்டைக் கரு முட்டை. புதிதாக முட்டைக்கு வந்த பெட்டைகளில் ஒன்றிரண்டு இப்படி வருவது இயல்பே. ஆனால் இந்த வீட்டில் அது வாரக்கணக்கில் நீடித்தது. இறந்த கோழியின் சூற்பையில் ஒரே அளவில் இருந்த இரு கருக்களும் அதையே காட்டின. இடுப்பு விரியாத பெட்டை அத்தனை பெரிய முட்டையைத் தள்ளும்போது, முட்டையோடு வெளிவரும் குழல்முனை உடனே உள்ளே திரும்புவதில்லை. கொழுப்பு மிகுந்த கோழியில் இன்னும் தாமதமாகிறது. இரவெல்லாம் எரியும் வெளிச்சத்தில் அந்தச் சிவந்த சவ்வு பளிச்சென்று தெரிய, பக்கத்துக் கோழி கொத்துகிறது. இருட்டான முட்டைப்பெட்டி இல்லாத கொட்டகையில் இதைத் தடுக்க வழியில்லை.

தீவனத்தின் கணக்கு எளிது. கறிக்கோழித் தீவனத்தில் கால்சியம் நூற்றுக்கு ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். ஆனால் எரிசக்தி கிலோவுக்கு 3,000 கிலோகலோரி அல்லது அதற்கும் மேல். முட்டைக்கோழித் தீவனத்திலோ கால்சியம் மூன்றரை முதல் நான்கு பங்கு, எரிசக்தி குறைவு. குருணையில் கால்சியம் இல்லை என்றே சொல்லலாம். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதியாக இருந்தாலும், அது பெரும்பாலும் பைட்டேட் வடிவில் கட்டுண்டு கிடப்பதோடு கால்சியத்தையும் பிடித்துவைத்துக்கொள்கிறது. நாள் ஒன்றுக்கு 100 கிராம் தின்னும் கோழி, பாதி கறிக்கோழித் தீவனமும் பாதி குருணை தவிடும் என்று எடுத்தால், அதற்குக் கிடைத்த கால்சியம் அரை கிராம் சுமார். அதிலும் முழுதாக உடலில் சேராது. ஓட்டுக்கு வேண்டியதோ 2 கிராம். இடைவெளியை எலும்பு ஈடுகட்டியது, எலும்பால் முடிந்தவரை. முட்டைக்குழலின் தசை சுருங்குவதற்கும் கால்சியம் தேவை என்பதால், குறைபாடு முற்றியபோது மெலிந்த ஓட்டு முட்டையைத் தள்ளவும் தசைக்கு வலு இல்லாமல் போனது. முட்டை அடைப்பு இப்படித்தான் வந்தது.

இதே தீனியில் வளரும் மற்ற புறக்கடைக் கோழிகளுக்கு ஏன் இது வருவதில்லை என்று கேட்கலாம். அவை வாய்க்கால் ஓரத்திலும் வரப்பிலும் மேய்ந்து நத்தையும் நத்தை ஓடும் பொறுக்குகின்றன. இந்தக் கோழிகளுக்கு ஒரு பருவம் முழுவதும் அந்த வழி அடைக்கப்பட்டிருந்தது.

சுண்ணாம்புத் தெளிநீர் ஊரெங்கும் வழக்கத்தில் இருப்பதால், அதன் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். சுண்ணாம்பு நீரில் மிகக் குறைவாகவே கரையும். எவ்வளவு கொட்டினாலும் ஒரு லிட்டர் தெளிநீரில் நிற்பது ஒன்றே முக்கால் கிராம் சுண்ணாம்பைத் தாண்டாது. அதில் கால்சியம் ஒரு கிராமுக்கும் குறைவு. கோழி ஒரு நாளில் குடிப்பது 200 மி.லி. அளவு. ஆகவே தெளிநீர் மட்டுமே குடித்தாலும் கிடைப்பது ஓர் ஓட்டின் தேவையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சுண்ணாம்பின் காரத்தன்மையால் கோழி தண்ணீரையே குறைத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கடைகளில் விற்கும் கால்சியம் டானிக்கின் மேலட்டையைப் படித்தால் அதுவும் மில்லிகிராம் கணக்காகவே இருக்கும். டெட்ராசைக்ளின் சேர்த்ததுதான் இன்னும் பொருத்தமற்றது: அந்த மருந்து குடலில் கால்சியத்தோடு பிணைந்துகொள்ளும் இயல்புடையது. ஒரே பானையில் இரண்டும் கலந்தால் மருந்தும் சேராது, சுண்ணாம்பும் சேராது. முட்டையில் மட்டும் மருந்தின் எச்சம் தங்கும்.

சிகிச்சை

முட்டை அடைத்த கோழியை முதலில் வெதுவெதுப்பான நீரில், அடிவயிறு மூழ்கும்படி, இருபது நிமிடம் வைத்திருந்தோம். பத்து விழுக்காடு கால்சியம் குளுக்கோனேட் 1 மி.லி. மருந்தைச் சம அளவு உப்புநீரில் நீர்த்துத் தோலுக்கடியில் செலுத்தி, எச்சவாய்க்குள் திரவ பாரபின் தடவி, இருட்டான, கதகதப்பான பெட்டியில் விட்டோம். மாலைவரை முட்டை இறங்கவில்லை. குழலின் தசையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோசின் ஊசி போடலாமே என்ற யோசனை இந்த இடத்தில் எழும். முட்டை எங்கே, எப்படி நிற்கிறது என்று உறுதியாகத் தெரியாமல் அதைப் போட்டால் குழல் கிழியக்கூடும் என்பதால் தவிர்த்தேன். எச்சவாயை மெல்ல விரித்தபோது முட்டையின் முனை கண்ணுக்குத் தெரிந்தது. தடித்த ஊசியை அதில் செலுத்தி உள்ளிருந்ததை உறிஞ்சி எடுத்ததும் ஓடு உள்நோக்கிச் சுருங்கியது; இடுக்கியால் பிடித்துச் சவ்வோடு மெதுவாக இழுக்க, பெரும்பகுதி ஒரே துண்டாக வந்தது. தங்கிய சில்லுகளை மறுநாள் கோழியே எச்சத்தோடு வெளியேற்றியது. வலிக்கும் வீக்கத்துக்கும் மெலாக்ஸிகாம் கொடுத்தோம். வீட்டில் வயிற்றைப் பிசைந்து முட்டையை வெளித்தள்ள முயல்வது பலர் செய்வது; உள்ளே முட்டை உடைந்தால் கூரிய ஓடு குழலைக் கிழித்து வயிற்றறை அழற்சியில் முடியும். வெந்நீர் ஒத்தடமும் இருட்டும் வரை வீட்டார் செய்யலாம், அதற்கு மேல் மருத்துவரிடம் கொண்டுவருவதே நல்லது.

இரண்டாவது கோழியின் பிதுங்கிய சவ்வை வெதுவெதுப்பான உப்புநீரில் கழுவி, கெட்டியான சர்க்கரைக் கரைசலை ஊற்றியதும் வீக்கம் பாதியாக வடிந்தது. உள்ளே தள்ளி, எச்சவாயின் இரு ஓரங்களிலும் எச்சம் போக இடம் விட்டு ஒவ்வொரு தையல் போட்டோம். தனிமையும் மங்கிய வெளிச்சமும் குறைந்த தீனியும் கொடுத்து, முட்டையிடுவதையே சில நாள் நிறுத்திவைக்கும்படி சொன்னேன். இருந்தும் தையல் பிரித்த வாரத்தில், அடுத்த முட்டையோடு மீண்டும் தள்ளிவிட்டது. ஒருமுறை தள்ளிய கோழியில் திரும்பவும் தள்ளுவது மிகச் சாதாரணம். இதை முதல் நாளே வீட்டாரிடம் சொல்லியிருந்தேன். இரண்டாம் முறை திசு கறுத்திருந்ததால் கோழி கழிக்கப்பட்டது.

கூட்டத்துக்குச் செய்த மாற்றங்களே உண்மையான சிகிச்சை. மருந்துத் தூளும் தெளிநீரும் அன்றே நிறுத்தப்பட்டன. குறிப்பிட்ட காலம்வரை முட்டைகளை உண்ண வேண்டாம் என்று கூறப்பட்டது. "அம்மா, விளக்கை எடுத்துடுங்க, மரநாய்க்கு வலை அடிங்க" என்றதும் அவர் தயங்கினார். ஏற்கெனவே ஒரு கோழியை இழந்தவருக்கு அந்தத் தயக்கம் நியாயமானதே. தட்டியின் உள்பக்கம் முழுவதும், தரைக்குக் கீழே அரை அடி புதையும்படி, கம்பிவலை அடித்த பிறகே விளக்கு கழற்றப்பட்டது. கறிக்கோழித் தீவனம் ஒரு வாரத்தில் படிப்படியாக முட்டைக்கோழித் தீவனத்துக்கு மாற்றப்பட்டு, கோழிக்கு நாளொன்றுக்கு 90 கிராம் என்று அளந்து வைக்கப்பட்டது. அறுவடை முடிந்துவிட்டதால் மாலையில் திறந்துவிடவும் முடிந்தது. கொட்டகையின் இருண்ட மூலையில் வைக்கோல் பரப்பிய மூன்று பழைய மரப்பெட்டிகள் முட்டையிட வைக்கப்பட்டன.

இவற்றோடு கிளிஞ்சலும் கொடுக்கச் சொன்னேன்; அதைத் தனிக் கிண்ணத்தில் வைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. முட்டையிடும் கோழி பிற்பகலில், ஓடு படியத் தொடங்கும் வேளையில், சுண்ணாம்பைத் தானாகவே தேடித் தின்னும். முட்டைக்கு வராத கோழியும் சேவலும் அதைப் பெரும்பாலும் தொடுவதில்லை. தீவனத்தோடு கலந்துவிட்டால் இந்தத் தெரிவு போய்விடுகிறது. வளரும் குஞ்சுகள் அதிகக் கால்சியத்தைத் தொடர்ந்து தின்றால் சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்புகளில் யூரிக் அமில உப்பு வெள்ளைப் பொடியாகப் படிந்து இறப்பதுண்டு. கிளிஞ்சல் மாவாக இருக்கக் கூடாது. இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் சில்லாக இருந்தால் அரைவைப்பையில் தங்கி, தீனி இல்லாத இரவு முழுவதும் மெல்லக் கரைந்துகொண்டிருக்கும். வீட்டு முட்டை ஓட்டைப் பயன்படுத்தலாமா என்று கேட்டார்கள். வாணலியில் வறுத்து, முட்டையின் வடிவம் தெரியாதபடி நொறுக்கிப் போட்டால் தடையில்லை. பச்சையாகப் போட்டால் முட்டை தின்னும் பழக்கம் வரும்.

பின் நிலவரம்

விளக்கை எடுத்த ஒரு வாரத்துக்குள் முட்டை ஏறக்குறைய நின்றுபோனது. இது எதிர்பார்த்ததே, முன்கூட்டியே சொல்லியும் இருந்தோம். சொல்லாவிட்டால் அந்த வாரத்திலேயே விளக்கு மீண்டும் எரிந்திருக்கும். பங்குனித் தொடக்கத்தில் பெட்டைகள் ஒவ்வொன்றாக மீண்டும் முட்டையிடத் தொடங்கின. முதலில் வந்தவற்றில் சிலவற்றின் ஓட்டில் சுண்ணாம்புப் புள்ளிகள் இருந்தன. சித்திரை பிறப்பதற்குள் அவையும் மறைந்து, 52 கிராம் முட்டை ஒன்றின் ஓடு 5 கிராம் நின்றது. அடைகம்பிற்குக் கீழே முட்டை கிடப்பது நின்று, பெட்டிகளில் முற்பகலில் சேர்ந்தது. முட்டை அடைத்துச் சிகிச்சை பெற்ற கோழி கால் தேறி, மற்றவற்றுக்குச் சில வாரம் கழித்துச் சிறிய முட்டைகளாக இட ஆரம்பித்தது.

மீதியிருந்த 12 பெட்டைகளில் ஒன்று மட்டும் நாள்தோறும் பெட்டிக்குள் ஏறி அமர்ந்து, கொக்கரித்து, முட்டையில்லாமல் இறங்கிவருகிறது. வயிறு சற்றுத் தொங்கியிருக்கிறது. தொட்டால் நீர் தளும்புவது போன்ற அசைவு தெரிகிறது. மஞ்சள் கரு குழலின் புனல்வாய்க்குள் போகாமல் வயிற்றறையிலேயே விழும் நிலை இது. தொடக்கத்தில் சூற்பை தாறுமாறாகத் தூண்டப்பட்டதன் எச்சமாக இருக்க வாய்ப்பு அதிகம். இதற்கு நிலையான மருந்தில்லை. கரு கிருமிப்பட்டால் கோழி சில நாளில் இறந்துவிடும், இல்லையேல் முட்டையில்லாமலே பல மாதம் இருக்கும். வீட்டார் அதை வைத்துக்கொள்ள விரும்பினர்.

அடுத்த தொகுதிக் குஞ்சுகளை அதே வீட்டில் இப்போது பஞ்சாரத்தில் வைத்திருக்கிறார்கள். அவை மாசியில் பொரித்தவை. முட்டைக்கு வருவது ஆடி, ஆவணியில், பகல் குறைந்துகொண்டு போகும் காலத்தில். ஆகவே இவற்றுக்கு வெளிச்சம் முந்தித் தூண்டும் அபாயம் குறைவு, சற்றுத் தாமதமாகவே முட்டைக்கு வரும். எட்டாவது வாரத்தில் கறிக்கோழித் தீவனத்தை நிறுத்தி வளர்கோழித் தீவனத்துக்கு மாற்றவும், கொண்டை சிவந்து பெரிதாகத் தொடங்கும் வாரத்தில் கிளிஞ்சல் கிண்ணத்தை வைக்கவும், முதல் முட்டை வந்த பிறகே முட்டைக்கோழித் தீவனத்தைத் தொடங்கவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.